கூடைகள் மட்டும் போன பேருந்து

கடலூருக்குப் போகிறேன் என்றதும் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஏனுங்க மேடம், புயல் ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?" கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கடலூர் என்றால், தொலைக்காட்சியில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஒருவர் கத்துகிற ஊர். வெயில் காலத்திலும் அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள் என்று நானே அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் போனது தலை எண்ண. புள்ளியியல் பாடம் நடத்துகிறவள் நான். பேருந்தில் சீட்டு கொடுக்கும் இயந்திரம் காட்டுகிற எண்ணிக்கையும், உண்மையில் ஏறுகிற ஆட்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று ஒரு தடத்தில் சில நாள் பார்த்துச் சொல்ல வேண்டும். வேலையைக் கொடுத்த ஆய்வுக் குழுவினர் மாணவர்களை அனுப்பினால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகக் கரும்பலகையில் கணக்கெடுப்பு, கணக்கெடுப்பு என்று எழுதியவள் ஒரு தடவையாவது தெருவில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? கோடை விடுமுறைதானே என்று நானே கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினேன். எங்கள் ஊர் வெயில் தலையில் அடிக்கும். இந்த ஊர் வெயில் சட்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. தேர் நிற்கும் தெருவுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக் குளித்தேன். துடைத்து முடிப்பதற்குள் மறுபடி குளித்த மாதிரி ஆகிவிட்டது. கீழே இருந்த கடையில் பூரி சாப்பிட்டேன். கிழங்கு கேட்டதற்கு மேல் ஒரு கரண்டி வைத்த பரிமாறுபவர், "மேடம் கோயம்புத்தூரா? எதுக்கெடுத்தாலும் ங்க ங்கன்றீங்க" என்றார். ஆமாங்க என்றேன். கடை முழுக்கச் சிரித்தது.

அன்று மத்தியானம் பேருந்து அலுவலகத்தில் தணிகாசலம் என்ற அதிகாரியைப் பார்த்தேன். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறவர். நல்ல மனிதர். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தான் வியர்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாளை எடுத்து நீட்டினார். பரங்கிப்பேட்டை பக்கம் அன்னங்கோயில் என்ற மீன் இறங்கும் இடத்திலிருந்து காலை ஐந்து ஐம்பதுக்குச் சிதம்பரத்துக்குக் கிளம்பும் வண்டியின் கணக்கு அது. பயணிகள் என்ற கட்டத்தில் ஒன்பது, எட்டு, பத்து, ஒன்பது என்று வரிசையாக இருந்தது. சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள்.

"சனிக்கிழமை மீட்டிங் மேடம். இந்த ட்ரிப்பு போயிடும். ஒம்பது பேருக்கு ஒரு பஸ்ஸ ஓட்டுனா டீசலுக்கு யாரு பதில் சொல்றது?"

"சரிதானுங்களே" என்றேன்.

அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தத் தாளில் 'பயணிகள்' என்ற கட்டத்துக்கு அடுத்தே இன்னொரு கட்டம் இருந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இருட்டோடு எழுந்து பரங்கிப்பேட்டை போகும் முதல் பேருந்தைப் பிடித்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் டயர் வெடித்தது. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்தைக் காலால் ஓர் உதை விட்டார். நடத்துநர், "மச்சான், ஸ்டெப்னிலயும் காத்து இல்லடா" என்று அறிவித்தார். பயணிகள் யாரும் கோபப்படவில்லை. ஒருவர் துண்டை விரித்துப் படுத்தே விட்டார். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் புகார் எழுத ஆரம்பித்திருப்பார்கள். நானும் உள்ளுக்குள் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

பரங்கிப்பேட்டைக்கு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. ஓட்டியவர் பெயர் ஜமால். ஐம்பது வயது இருக்கும். பத்து வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். "அஞ்சு அம்பதுக்கு அன்னங்கோயில்ல நிக்கணுமா? இன்ஷா அல்லாஹ் புடிச்சிடலாம், ஏறுங்கம்மா" என்றார். போகிற வழியில் என் வேலையைக் கேட்டுவிட்டு, "துபாய்ல கார்டு தட்டுனாதான் கணக்கு. இங்க யாரு எண்ணுறா? ஜாஸ்தியா ஏறுனா ஜாஸ்தி, கம்மியா ஏறுனா கம்மி" என்றார்.

பேருந்தைப் பிடிக்க முடியவில்லை. நாங்கள் வளைவில் திரும்பும்போது அந்தப் பேருந்து புகையை விட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அதன் பின்புறக் கண்ணாடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கூடைகள்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அலுமினியக் கூடைகள். ஒன்பது பேருக்கு ஒரு பஸ் என்று தணிகாசலம் சொன்னது நினைவுக்கு வந்தது.

மறுபடியும் கடலூருக்குப் போய், மறுபடியும் டயரை நம்பி வர எனக்குத் தைரியம் இல்லை. ஜமால் பாய் தன் அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தார். அந்த அம்மா மத்தியானம் கொடுவா மீன் குழம்பு ஊற்றினார். சாப்பிடும்போது பேசக்கூடாது என்று என்னை வளர்த்தவர்கள் சொன்னதை அன்று முதல் முறையாக மனதாரக் கடைப்பிடித்தேன்.

புதன்கிழமை ஐந்தரைக்கே நிறுத்தத்தில் நின்றேன். கையில் தாள், பேனா, கழுத்தில் அடையாள அட்டை. விடிகிற வெளிச்சத்தில் ஏலக் களத்திலிருந்து பெண்கள் கூடையோடு வந்தார்கள். ஐந்து பேர், பத்துப் பேர், அப்புறம் எனக்கு மூச்சு வாங்கியது. வண்டி வந்து நின்றதும் கூடைகள் பின்வாசல் வழியாகக் கைமாறி ஏறின. நான் முன்னால் ஏறி, வருகிற தலைகளுக்குக் கோடு போட்டேன். வழியில் நர்ஸிங் படிக்கும் பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கோயில் தெருவில் வீட்டு வேலை செய்கிற இரண்டு பேர். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது மொத்தம் ஐம்பத்திரண்டு தலை. திரும்பத் திரும்ப எண்ணினேன். ஐம்பத்திரண்டுதான்.

நடத்துநர் ராஜவேலு முப்பதைத் தாண்டாதவர். நெற்றியில் விபூதி, வாயில் விசில். பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் அவர் சீட்டு கொடுத்துக்கொண்டு வந்ததைக் கவனித்தேன். ஆண்களிடம் காசு வாங்கிச் சீட்டு கிழித்தார். கூடைகளுக்கு ஒவ்வொன்றாக லக்கேஜ் சீட்டு கிழித்தார். பெண்களுக்கு இந்த வண்டியில் கட்டணம் இல்லை. ஆனால் கட்டணமில்லாச் சீட்டு ஒன்று இயந்திரத்தில் அடித்துத் தர வேண்டும். அதுதான் அவர்கள் ஏறியதற்கு ஒரே சாட்சி.

அவர் வாயைத் திறப்பதற்குள் வசந்தா என்ற மீன்காரப் பெண் கையை ஆட்டினார். "போ தம்பி, போ. நமக்கு எதுக்குச் சீட்டு?"

அவருக்குப் பின்னால் இருந்தவரும் அதையே சொன்னார். அதற்குப் பின்னாலும் அதே. ராஜவேலு சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

நான் எழுந்து போய் வசந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. ஏனுங்க சீட்டு வாங்கலை என்றேன்.

"காசா குடுக்கறோம்? கவருமெண்டு சும்மா கூட்டினு போவுது. அதுல சீட்டு வேற கேட்டு அந்தப் புள்ளையப் போட்டு வதைக்கணுமா? என் கை ஈரம், வாங்குனா நனஞ்சிபூடும். பேப்பரு வேற வீணு."

ராஜவேலுவிடம் கேட்டேன். அவர் பக்கம் வேறு நியாயம். "நம்ம வூட்டுப் பொம்பளைங்க மாதிரி மேடம். ராத்திரியெல்லாம் முழிச்சி ஏலம் எடுத்துட்டு வர்றாங்க. பாதிப் பேரு ஏறுன ஒடனே தூங்கிடுவாங்க. அவுங்கள எழுப்பி டிக்கெட் டிக்கெட்னா நல்லாவா இருக்கும்?"

ஆக, அவர் கஷ்டப்படக்கூடாது என்று இவர்களும், இவர்கள் கஷ்டப்படக்கூடாது என்று அவரும். இந்த அன்பில் தினமும் நாற்பது பெண்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

சிதம்பரத்தில் இறங்கினேன். வண்டி நின்றதும் பெண்கள் ஓடினார்கள். ஓடினார்கள் என்றால் நிஜமாகவே ஓட்டம்தான். ஐஸ் பெட்டியில் வேறு ஊர் மீன் வேனில் வந்து இறங்குவதற்குள் இவர்கள் தெருக்களில் இருக்க வேண்டும். கால் மணி பிந்தினால் நல்ல மீனுக்கும் பழைய மீனின் விலைதான். ஷேர் ஆட்டோக்காரர்கள் கூடையை ஏற்றுவதில்லை, நாற்றமாம். இந்த வண்டி இல்லாவிட்டால் இவர்களுக்குச் சிதம்பரம் இல்லை.

ஒரு கடையில் உட்கார்ந்து இட்லியும் கத்தரிக்காய் கொஸ்துவும் சொன்னேன். எங்கள் ஊரில் சாம்பாருக்கு ஒரு கோயில் கட்டலாம் என்று நினைத்திருந்தவள், கொஸ்துவை ஒரு வாய் வைத்ததும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டேன். செலவுக் கணக்கோடு வைக்கப் பயணச் சீட்டை எடுக்கலாம் என்று பையைத் துழாவினேன். இல்லை. நானும் ஒரு பெண். என்னிடமும் அவர் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அரசாங்கத்தின் கணக்கில் நான் அன்று காலை சிதம்பரத்துக்கு வரவே இல்லை. கொஸ்து மட்டும் எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

அப்போதுதான் திங்கட்கிழமைத் தாள் ஞாபகம் வந்தது. பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 'பயணிகள்: ஒன்பது.' அடுத்த கட்டத்தில், 'லக்கேஜ்: முப்பத்தொன்று.' மறுநாளும் முப்பதுக்குக் குறையாமல். பேருந்தில் ஒன்பது பேரும் முப்பத்தொரு கூடைகளும். கூடைகள் தாமாகவே ஏறி, தாமாகவே சிதம்பரம் போய், தாமாகவே மீன் விற்றுக்கொண்டிருந்தன. இதை நான் பார்த்தேன், தணிகாசலம் பார்த்தார், வட்டம் போட்டவரும் பார்த்திருப்பார். ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

உடனே தணிகாசலத்துக்குப் போன் போட்டேன். "சார், அந்த முப்பத்தியொரு கூடைய யாருங்க தூக்கிட்டுப் போனாங்க?"

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "லக்கேஜ் வேற ஹெட்டுல போற கணக்கு மேடம்" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "நீங்க சொல்றது புரியுது. ஆனா மீட்டிங்ல பாசஞ்சர் கட்டத்த மட்டும்தான் பாப்பாங்க. உங்க தலைக் கணக்கு உங்க ரிப்போர்ட்டுக்கு. ட்ரிப்ப நிறுத்தறதும் வுடறதும் மெஷின் கணக்க வச்சிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருக்கற கணக்கு போவும். அதுக்குள்ள மெஷின்ல ஏதாவது மாறுனா நான் எடுத்துச் சொல்றேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசு வருகிற இடத்தில் எண்ணிக்கை தானாக வந்துவிடுகிறது, கல்லாப்பெட்டி கேட்கும். இலவசமாக ஒன்றைக் கொடுக்கும்போதுதான், வாங்குகிறவர்களை யாராவது மெனக்கெட்டு எண்ண வேண்டியிருக்கிறது. இந்தப் பெண்களுக்காகவே கொண்டுவந்த சலுகை, எண்ண ஆளில்லாமல், இவர்கள் வண்டியையே காலி வண்டி என்று காட்டிவிட்டது. நல்ல எண்ணத்தில் போட்ட எத்தனை திட்டங்கள் இப்படி யாருக்கும் தேவைப்படவில்லை என்று மூடப்பட்டிருக்குமோ.

வியாழக்கிழமை வண்டி கிளம்பியதும் எழுந்து நின்று பேசினேன். சனிக்கிழமைக்குப் பிறகு இந்த வண்டி வராது என்றேன். ஏன் என்றும் சொன்னேன். மெஷினில் நீங்கள் இல்லை, உங்கள் கூடைகள்தான் இருக்கின்றன என்றேன்.

முதலில் சிரித்தார்கள். அப்புறம் ராஜவேலுவின் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்கே அது அன்றுதான் தெரியும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

வசந்தாவுக்குக் கோபம் வந்தது. நேராக என்மேல். "அப்ப நாங்க இத்தினி வருஷமா இந்த வண்டியில ஏறவே இல்லியா?"

"மெஷின் கணக்குப்படி இல்லைங்க."

"எங்க கூடைய எண்ணத் தெரியுது, எங்கள எண்ணத் தெரியல. எண்ணாதது அவுங்க தப்பு. சீட்டக் காட்டி நாங்க இருக்கோம்னு நாங்க எதுக்கு நிரூபிக்கணும்?"

அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆமாங்க, உங்க தப்பு இல்லை என்றேன். ஆனால் சனிக்கிழமை இந்த வண்டியில் ஏறாத நாலு பேர் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்ப்பார்கள், அவர்களுக்கு உங்கள் முகம் தெரியாது என்றேன். வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு யாரும் சீட்டு வாங்கவில்லை. ராஜவேலு கேட்டும் வாங்கவில்லை. எனக்கு மட்டும் ஒன்று அடித்துக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு அவமானத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சிதம்பரம் கோயிலுக்குப் போனேன். பிரகாரம் முழுக்கச் சுற்றினேன். வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. புள்ளியியல்காரி கடவுளிடம் கேட்கக்கூடாத வேண்டுதல் அது, ஆகவே எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை நிறுத்தத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. வண்டி வந்தது. கூடைகள் ஏறின. ராஜவேலு வழக்கம்போல் பின்னாலிருந்து ஆரம்பித்தார். வசந்தாவிடம் வந்ததும் நின்றார்.

வசந்தா கையை முந்தானையில் துடைத்தார். இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்துவிட்டு நீட்டினார். "குடு தம்பி."

அவ்வளவுதான். வண்டி முழுக்கக் கைகள் நீண்டன. தூங்குகிறவர்களை மற்றவர்கள் தட்டி எழுப்பினார்கள். "ஏ அலமேலு, எழுந்துரு, சீட்ட வாங்கினு தூங்கு." இயந்திரம் மூச்சுவிடாமல் கத்தியது. ராஜவேலுவின் நெற்றி விபூதி வியர்வையில் வழிந்தது. நான் கோடு போடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் சுதாரித்துக்கொண்டேன்.

முட்லூர் வருவதற்குள் காகிதச் சுருள் தீர்ந்துவிட்டது. ஒன்பது ஆண்களுக்கும் கூடைகளுக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அவர் எப்போதும் கொண்டுவருவார். இன்னும் பதினொரு பெண்கள் பாக்கி.

"சிதம்பரத்துல போய்க் குடுத்துடறேன்க்கா" என்றார்.

"எறங்கின பொறவு குடுத்தா அது எங்களுக்கா, காத்துக்கா?" என்றார் வசந்தா. "எதுக்க சிதம்பரத்து வண்டி வரும் இல்ல? அதுல சுருளு கேளு. மாமா, ஓரங்கட்டு."

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "மீனு கெட்டுடும்மே."

"நிறுத்து மாமா."

வண்டி நின்றது. ஐஸ் உருகிக் கூடைகளின் அடியிலிருந்து தண்ணீர் படிக்கட்டு வரைக்கும் ஓடியது. தினமும் "அழுத்து மாமா, அழுத்து" என்று ஓட்டுநரை விரட்டுகிற பெண்கள், அன்று ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கையில் சீட்டு வாங்கிவிட்டவர்களும்தான். கால் மணி நேரம். அந்தக் கால் மணியின் விலை எனக்குத் தெரியும். எதிர் வண்டி வந்தது, சுருள் கைமாறியது, பதினொரு பேருக்கும் சீட்டு வந்தது. அப்புறம்தான் வசந்தா சொன்னார்: "ம், போலாம்."

சிதம்பரத்தில் எல்லோரும் இறங்கி ஓடிய பிறகு ராஜவேலு இயந்திரத்தைத் தட்டிப் படித்தார். "அம்பத்தஞ்சு மேடம்!"

என் தாளில் ஐம்பத்து நான்கு. என்னையும் சேர்த்துத்தான். கோடுகளை மறுபடி கூட்டினேன். ஐம்பத்து நான்கே. ராஜவேலு வேறு பக்கம் பார்த்தார்.

"உண்மையச் சொல்லுங்க."

"பானுமதின்னு ஒரு அக்கா மேடம். தெனம் வரும். ரெண்டு நாளா ஜொரம். வசந்தாக்கா அதுக்கும் ஒண்ணு அடின்னுச்சு. அவளும் இந்த வண்டிதானே, படுத்துக் கெடக்கறாளேன்னு வுட்டுட முடியுமான்னு கேட்டுச்சு. என்னால முடியாதுன்னு சொல்ல முடியல."

என் தொழிலில் இதற்கு ஒரே பதில்தான்: தப்பு. ஏறாதவரை எண்ணுவது, ஏறியவரை எண்ணாமல் விடுவதைப் போலவே தப்பு. அங்கே நின்றபடியே என் தாளில் எழுதினேன். இயந்திரம் ஐம்பத்தைந்து, நேரில் ஐம்பத்து நான்கு, வித்தியாசம் ஒன்று. குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: 'ஒரு பயணிக்குக் காய்ச்சல். வழக்கமாக வருகிறவர்.'

அன்று மாலையே தணிகாசலத்திடம் எல்லாவற்றையும் கொடுத்தேன். கூடைக் கட்டத்தையும் பயணிகள் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவர் என் குறிப்பை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் குறிப்புக் கட்டத்த நான் சர்வீஸ்ல சேர்ந்ததுலேர்ந்து யாரும் நிரப்பிப் பாத்ததில்ல மேடம்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம், நான் ஊர் திரும்பும் ரயிலில் இருக்கும்போது அவரே கூப்பிட்டார். வண்டி ஓடும். மூன்று மாதம் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். அதற்குள் பயணிகள் கட்டம் நிரம்பியே இருக்க வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். ரயில் என்றும் பாராமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தினக் கணக்கைச் சொல்லும்படி ராஜவேலுவிடம் என் எண்ணைக் கொடுத்திருந்தேன். அடுத்த புதன்கிழமை காலை, காபி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் வண்டிச் சத்தம், பெண்களின் சத்தம்.

"மேடம், பானுமதியக்கா இன்னைக்கு வந்துடுச்சு."

"நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்கு. ஆனா சீட்டு வாங்க மாட்டேங்குது. வெள்ளிக்கிழமையே எனக்கு எடுத்தாச்சு, அந்தச் சீட்ட வசந்தா பத்திரமா வச்சிக் குடுத்துட்டா, இப்ப எதுக்கு இன்னொண்ணுன்னு கேக்குது."

கையில் அவர் அந்தப் பழைய சீட்டைப் பிடித்திருப்பது என் மனக்கண்ணில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ஒன்று கூட, இன்று ஒன்று குறைய. கூட்டிப் பார்த்தால் கணக்கு மிகச் சரி. இரண்டு நாளும் மட்டும் தப்பு. நான் படித்துப் பாடம் நடத்திய கணக்குகளில் எத்தனை இப்படி இருந்தனவோ.

"போனை அவங்ககிட்ட குடுங்க" என்றேன். பெயரை மட்டுமே தெரிந்த ஒருவரின் குரல், கொஞ்சம் கரகரப்பாக, "யாரு?" என்றது.

"பானுமதிங்களா? நீங்க வர்றீங்களான்னு பாத்துட்டேதானுங்க இருந்தேன். அது வராத அன்னைக்கு எடுத்த சீட்டு. இன்னைக்குத்தான் நீங்க வந்திருக்கீங்க. வந்ததுக்கு ஒண்ணு வாங்கிக்குங்க."

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "குடு தம்பி" என்றார். இயந்திரம் ஒரு முறை கத்தியது.